கிழக்கே நிற்பவர்

செல்போனில் இல்லாத கேமராவா என்று கேட்காத ஆள் கோவில்பட்டியில் பாக்கி இல்லை. வீட்டுக்காரர் கேட்டார். மில்லில் என்னோடு கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற கடைக்காரர், அதைப் பையில் போட்டு என் கையில் கொடுக்கும்போதே கேட்டார். செல்லில் எடுத்தாலே நன்றாக விழுகிறதே, இது எதற்கம்மா என்றார். விற்றுவிட்டு வருத்தப்படுகிற வியாபாரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளி நிறப் பெட்டி. ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. பொத்தானை அமுக்கினால் ஜிய்ய் என்ற சத்தத்தோடு லென்ஸ் ஆமைத் தலை மாதிரி வெளியே வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். போனில் படம் எடுக்கப் போனால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். கேஸ் சிலிண்டர் வருகிறது என்று மெசேஜ் வரும். மில்லில் இருந்து ஒரு கணக்கு நேராகவில்லை என்று அழைப்பு வரும். இந்தப் பெட்டிக்கு யாரும் போன் பண்ண முடியாது. யாரும் கூப்பிட முடியாத சாமான் ஒன்றாவது ஒரு பொம்பளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டாமா?

வாங்கிய புதிதில் காணாததைக் கண்டவள் மாதிரி எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினேன். கடலைமிட்டாயை ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். குளியலறைத் தரை ஓடு மாதிரி விழுந்தது. ரயிலை எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். பொத்தானை அமுக்கி, பெட்டி யோசித்து, படம் விழுவதற்குள் ரயில் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டது. ரயில் போன தண்டவாளம் மட்டும் என்னிடம் நாலைந்து படம் இருக்கிறது. வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு, தண்டவாளம் ஆடாமல் அசையாமல் நன்றாகப் போஸ் கொடுத்திருக்கிறது என்றார். அவர் கிண்டலுக்கெல்லாம் அசைகிற ஆள் நான் இல்லை. யூடியூபில் வகுப்பு எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். படச் சட்டத்தை மூன்றாகப் பிரித்து ஓரத்தில் ஆளை நிறுத்து என்றார் ஒருவர். உச்சி வெயிலில் எடுக்காதே, பக்கத்தில் இருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கேட்டதில் பாதி மனதில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாகலாபுரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். எங்கள் கரிசல் காட்டில் படம் எடுத்துப் பழகுவது சும்மா இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி வானம், பாதி மண். இடையில் ஒரு வேலிக்கருவை, தூரத்தில் ஒரு காற்றாலை. படத்தில் மறைந்துகொள்ள இடமே கிடையாது. எடுக்கத் தெரியாதவள் எடுத்தது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மழை பெய்த மறுநாள் போனால் செருப்பில் ஒட்டுகிற மண்ணைச் சுரண்டவே பொழுது போய்விடும்.

இன்னொன்றும் கண்டுகொண்டேன். போனை நீட்டினால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மிளகாய் பொறுக்குகிறவர்கள் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதுவே இந்தச் சின்னப் பெட்டியை எடுத்துவிட்டால் போதும், ஆண்கள் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு கொடிக் கம்பம் மாதிரி நின்றுவிடுவார்கள். பெண்கள், செத்த இருட்டி, வாரேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடிப் பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். போன் எல்லார் கையிலும் இருக்கிற சாமான். கேமரா என்றால் கல்யாண வீடு ஞாபகம் வந்துவிடும்போல.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இடது வலது என்பது வாயில் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குத் திசைதான். பஸ்ஸில் கொஞ்சம் மேற்கே தள்ளி உட்காரச் சொல்வோம். அடுப்படியில் உப்புக்குத் தெற்கே இருக்கிற டப்பாவை எடுக்கச் சொல்வோம். என் அம்மா கண்ணில் தூசி விழுந்தால், வடக்கு ஓரத்தில் ஊதுடி என்பாள். நானும் அப்படித்தான். படம் எடுக்கும்போது கொஞ்சம் கிழக்கே திரும்புங்கள் என்று சொன்னால், யூடியூப் வாத்தியார் சொன்ன மாதிரி அரைச் சுற்று கால் சுற்று என்று விளக்க வேண்டிய வேலையே இல்லை. சரியாகத் திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் எனக்கு ஒத்தாசையாக இருந்தது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் உளுந்து, மிளகாய், சோளம். பெய்யாவிட்டால் ஆடுகள் சோறு போடும். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செம்மறி உண்டு. ஆடு வைத்துப் பிழைக்கிறவனுக்கு மழை இல்லாத வருசமும் ஒரு வருசம்தான். ஆனால் பெண் மட்டும் கிடைக்காது. தங்கள் தொழுவத்தில் ஆட்டை வைத்துக்கொண்டே, ஆடு மேய்க்கிறவனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று எங்கள் சொந்தக்காரர்களே கேட்டார்கள். சென்னையில் கம்பெனி வேலை வேண்டும், திருப்பூரிலாவது ஒரு சூப்பர்வைசர் வேலை வேண்டும். நானே சம்பளக்காரருக்கு வாக்கப்பட்டவள்தான். யாரைக் குறை சொல்ல? அண்ணனுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டான். போனால் இலையில் உட்காருவதற்குள் இன்னும் அமையவில்லையா என்று நாலு பேர் கேட்பார்கள். மொய்யை என்னிடம் கொடுத்துவிடுவான். அவன் பேருக்கு நான் மொய் எழுதிவிட்டு வருவேன்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டுடியோ படம். அவன் கழுத்துக்குக் கீழே யாருடையதோ நீலக் கோட்டை ஒட்டியிருந்தார்கள். அதில் அவன் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டப்பட்டவன் மாதிரி விழித்துக்கொண்டிருப்பான். கல்யாணத் தரகர் வயசானவர், வாட்ஸப் எல்லாம் அவருக்கு ஆகாது, படம் கையில் இருந்தால்தான் பேசுவார். அவரே இந்தப் படத்தைக் காட்டினால் வருகிற பெண்ணும் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். ஊரில் இருக்கிற ஓணானை எல்லாம் படம் எடுக்கிறாயே, உடன்பிறந்தவனை ஒரு நல்ல படம் எடுக்கக் கூடாதா என்றாள். கேமராவால் பிரயோஜனம் உண்டு என்று காட்ட எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது.

அண்ணனை எடுப்பதற்கு ரயிலையே எடுத்துவிடலாம். கேமராவைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். சிரி என்றால் பல்வலிக்காரன் மாதிரி வாயை இழுப்பான். என் பெட்டியில் ஒரு வசதி உண்டு. முகம் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடி, ஒரு மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டும். சோளக்காட்டுப் பொம்மைக்கு அது கட்டம் போட்டிருக்கிறது. ஒரு கிடாய்க்குப் போட்டிருக்கிறது. என் அண்ணன் நேரே நின்றும் அவனுக்குப் போடவில்லை. இதற்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை பார் என்று அவனே சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எடுக்கலாம் என்றால் பெட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணனுடைய கூட்டாளி வந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து சிநேகம். குட்டிகளை வாங்கி எட்டயபுரம் சந்தையில் விற்கிற வியாபாரி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப முடியாது. கறுப்புக் கண்ணாடியும் கட்டம் போட்ட சட்டையுமாக ஆள் அவ்வளவு எடுப்பாக இருப்பார். மேய்ச்சல் முடிந்து ஆடுகள் தொழுவத்து முன்னால் வந்து நின்ற நேரம். நான் வடக்கே நின்று தெற்கே பார்த்துப் பெட்டியைப் பிடித்தேன். கூட்டாளி அண்ணனுக்கு மேற்கே வந்து நின்று, அவன் தோளில் கையைப் போட்டு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அப்போது ஒரு குட்டி ஓடிவந்து அண்ணன் காலுக்குள் நுழைந்து முட்டியது. அண்ணன் குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தான். அமுக்கினேன். அதிசயமாக விழுந்துவிட்டது.

ஒரே குறை. வெயில் மேற்கே சாய்ந்திருந்ததால் கூட்டாளியின் நிழல் அண்ணனின் வெள்ளைச் சட்டை மேல் குறுக்காக விழுந்து, பாதி முகத்தையும் மறைத்திருந்தது. மாப்பிள்ளை நிழலில், கூட வந்தவர் பளிச்சென்று வெளிச்சத்தில். யூடியூப் வாத்தியார் பார்த்திருந்தால் என்னை வகுப்பை விட்டே வெளியேற்றியிருப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு அண்ணனுடைய சிரிப்பேதான். அதை விட எனக்கு மனசில்லை.

கூட்டாளியை வெட்டி எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வெட்டினால் அண்ணன் தோளில் ஒரு கை மட்டும் தனியாகத் தொங்கியது. அம்மாவோ நல்ல காரியத்துக்குப் போகிற படத்தில் கத்தரிக்கோல் படக் கூடாது என்றுவிட்டாள். கத்தரிக்கோல் இல்லை, கம்ப்யூட்டரில் வெட்டுவது என்றேன். எதில் வெட்டினாலும் வெட்டு வெட்டுதான் என்றாள். அதனால் இரண்டு பேரும் இருக்கிற படத்தையே கோவில்பட்டியில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன்.

தரகர் எங்கள் வீட்டு முற்றத்தில் வடக்கே பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படத்தை வாங்கினார். அண்ணனை அவர் நேரில் பார்த்ததில்லை, அந்த ஸ்டுடியோ படத்து முழியும் இதில் இல்லை; இதில் யார் மாப்பிள்ளை என்று கேட்டார். அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"கிழக்க நிக்கவன்தான் எம் மவன்."

அவர் படத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் கிழக்கே நின்றான் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்த விஷயம். நான் தெற்கே பார்த்து எடுத்ததால், படத்தில் கிழக்கு என்பது இடது கைப் பக்கம். தரகர் உட்கார்ந்திருந்ததோ வடக்கே பார்த்து. அவருக்குக் கிழக்கு வலது கைப் பக்கம். படத்தில் வலது கைப் பக்கம் நின்றவர் கறுப்புக் கண்ணாடிக்காரர். வேறு ஊர்க்காரராக இருந்தால் சட்டை நிறத்தைச் சொல்லியிருப்பார், கண்ணாடியைச் சொல்லியிருப்பார். கேட்கிறவரும் எந்தக் கிழக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். எங்கள் ஆட்களுக்குக் கிழக்கில் சந்தேகம் வருவதே இல்லை.

கொஞ்ச நாளில் தரகர் முகமெல்லாம் பல்லாக வந்தார். குளத்தூர் பக்கத்தில் ஒரு பெண். அவர்கள் வீட்டிலும் ஆடு உண்டு. பெண் படித்தவள், விளாத்திகுளத்தில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கம்பெனி மாப்பிள்ளை, கவர்மெண்ட் மாப்பிள்ளை என்று வந்ததை எல்லாம் தட்டிவிட்டவள், இந்தப் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாளாம். அவளுடைய அப்பாவும் மாமாவும் வீடு பார்க்க வருகிறார்கள் என்றார். அம்மா சாமிக்கு விளக்குப் போட்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குப் பெண் அமைவது பாதி, என் படத்துக்குக் கிடைத்த மரியாதை பாதி. வீட்டுக்காரரிடம் தண்டவாளத்தைப் பற்றி இனி பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வருகிற அன்றைக்கு எங்கள் பக்கமும் ஆள் கட்டு உண்டு என்று தெரியட்டும் என்று கூட்டாளியையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அண்ணனை உட்காரச் சொன்னால் உட்கார மாட்டான். நாற்காலி தூக்கிப் போடுகிறான், செம்பில் தண்ணீர் கொண்டுவருகிறான், நடுவில் தொழுவத்துக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறான். பெண்ணின் அப்பா நேராகப் போய்க் கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். கைவசம் ஆடு எத்தனை உருப்படி நிற்கிறது என்று கேட்டார். அது சந்தையைப் பொறுத்தது மாமா என்றார் இவர். பீடி சிகரெட் உண்டுமா என்று மாமாக்காரர் கேட்டார். பெரியவர் நம்மேல் அக்கறையாகக் கேட்கிறாரே என்று, அதெல்லாம் விட்டாச்சு மாமா என்று பணிவாகச் சொன்னார் இவர். அம்மாவும் நானும் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தோம். முற்றத்தில் ஒரே சிரிப்புச் சத்தம். காரியம் முடிந்த மாதிரிதான் என்று அம்மா கண்ணாலேயே சொன்னாள்.

வடைத் தட்டோடு நான் வெளியே வரவும் கூட்டாளிக்குப் போன் வரவும் சரியாக இருந்தது. பேசிவிட்டு எழுந்தார்.

"சின்னவனுக்குக் காய்ச்சலாம், வீட்டுல கூப்பிடுதா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன் மாமா."

எந்தச் சின்னவன் என்று கேட்டார் பெண்ணின் அப்பா. எம் மவன்தான் என்றார் இவர். தொழுவத்தில் ஒரு ஆடு கத்தியது.

பெண்ணின் அப்பா மெதுவாகத் தரகரைப் பார்த்தார். கல்யாணமானவன் படத்தைக் கொடுத்தா பெண் கேட்டீர்கள் என்றார். அம்மா கரண்டியோடு ஓடிவந்து, என் மகன் இதோ நிற்கிறானே, கிழக்கே நிற்கிறவன் என்று சொல்லித்தானே கொடுத்தேன் என்றாள். தரகர் தானும் கிழக்கே நின்றவரைத்தான் காட்டினேன் என்று சத்தியம் பண்ணினார். நான் கேமராவை எடுத்து அந்தப் படத்தைத் திரையில் வரவழைத்தேன். எல்லாத் தலைகளும் அந்தத் தீப்பெட்டி அகலத் திரைக்கு மேலே கவிழ்ந்தன. தரகர் அதை வடக்கே பார்த்துப் பிடித்தார். அம்மா பிடுங்கித் தெற்கே பார்த்துப் பிடித்தாள். கோபத்தில் இருந்த மாமாக்காரரும் வாங்கி, சூரியன் எங்கே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வேறு நேரமாக இருந்தால் அதை நான் படம் எடுத்திருப்பேன். கூட்டாளிக்குத்தான் பாவம், போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

விளக்கம் சொல்லச் சொல்ல ஏமாற்று வேலை மாதிரியே ஆகிவிட்டது. வடையைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மாமாக்காரர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இவியளா மாப்பிள்ளை? நாங்க வேலையாளுன்னுல்லா நெனச்சோம்."

அண்ணன் கையில் அப்போதும் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

அவன் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போனான். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரோட்டோரம் மேய்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனே பேசினான்.

"இனி என்னைய எடுக்காதட்டி. ஆடுகள எடு. அதுக கோவிச்சுக்கிடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கோவில்பட்டி வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் அதற்கப்புறம் தண்டவாளத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சம்பந்தம் அமையவில்லை என்றால் எங்கள் பக்கம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். வேண்டாம் என்று போன வீட்டில் நம் ஆள் படம் கிடக்கக் கூடாது என்பார்கள். இவர்கள் கொடுக்கவில்லை. தரகர் கேட்டுப் பார்த்தார். படம் பெண்ணிடம் இருக்கிறது, பெண் தர மாட்டேன் என்கிறாள் என்று கையை விரித்தார். கிழித்துப் போட்டிருப்பாளோ என்று அம்மாவுக்குப் பயம். நீ எடுத்த படம், நீயே போய் வாங்கிக்கொண்டு வா என்று என்னை விரட்டினாள்.

விளாத்திகுளத்தில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சின்னக் கடைதான். ஒரு பெண் குனிந்து பாஸ்போர்ட் சைஸ் படங்களை வரிசையாக வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, எத்தனை காப்பி என்று கேட்டாள். நான் நாகலாபுரம் பக்கத்தில் இருந்து வருகிறேன், ஒரு படம் வாங்க வந்தேன் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்து படத்தை உருவினாள். ஒரு கசங்கல் இல்லை. இதை எடுத்தது நீங்களா அக்கா என்று கேட்டாள். நான்தான் தப்புத் தப்பாக எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"தப்பெல்லாம் இல்லக்கா. இது சாயங்காலம் எடுத்த படம். ஆடுக வயிறு நெறஞ்சு நிக்கு பாருங்க, காலையில இப்படி நிக்காது. சாயங்காலம்னா வெயில் மேக்க. கண்ணாடி போட்டவிய நிழலு இவிய சட்டை மேல விழுதுல்லா? அப்போ இவியதான கிழக்க."

அவள் விரல் என் அண்ணன் மேல் இருந்தது. எந்த நிழலை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்டேனோ அதை வைத்தே இவள் ஆளைக் கண்டுபிடித்திருக்கிறாள். நாள் பூராவும் ஆட்களின் முகத்தை வெட்டி ஒட்டுகிற கை, வீட்டில் ஆட்டோடு வளர்ந்த கண். இதை உங்கள் அப்பாவிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"அவிய எங்க கேட்டாவ? படத்தக் காட்டிச் சம்மதமான்னு கேட்டாவ, சம்மதம்னேன். எந்த ஆளுன்னு கேக்கலியே. கோவமா திரும்பி வந்த பெறகுதான் எனக்கே தெரியும், அவிய வேற ஆளப் பாக்கப் போயிருக்காவன்னு."

அவ்வளவு வருத்தத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். கண்ணாடி போட்டவர் கேமராவைப் பார்க்கிறார், இவர் குட்டியைப் பார்க்கிறார், வெளிச்சத்தில் நிற்கிறவரை எல்லாருக்கும் தெரியும், எனக்கு இவரைத்தான் தெரிந்தது என்றாள். வீட்டில் அன்றையில் இருந்து சண்டைதானாம். அப்பா பாதி இறங்கி வந்துவிட்டாராம். மாமாதான் வெட்கத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறாராம். படத்தைத் திரும்பக் கண்ணாடிக்கு அடியில் வைத்து நேராக்கினாள்.

"இத நான் தர மாட்டேங்க்கா. அவியளுக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவியகிட்டயும் யாரும் கேட்டிருக்க மாட்டாவல்லா."

உண்மைதான். இத்தனை வருசமாகப் பெண் தேடுகிறோம், அண்ணனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுச் சொல்கிறேன் மதினி என்றேன். அண்ணன் மனைவிக்கு உரிய முறை, வாயில் அப்படித்தான் வந்தது. அவள் அடுத்து நின்றவரிடம் எத்தனை காப்பி என்று கேட்கத் திரும்பிவிட்டாள், ஆனால் காது சிவந்திருந்தது.

அண்ணனிடம் சொன்னபோது அவன் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிழல், வயிறு, கிழக்கு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் குழையையே ஒடித்துக்கொண்டிருந்தான். தொழுவத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே ஒடித்துவிட்டான். பிறகு, இங்கே வாக்கப்பட்டு வந்தாலும் அவர்கள் கடையை மூடவெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடு, நான் காலையில் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றான். சம்மதமா இல்லையா என்பதற்கு என் அண்ணன் சொன்ன பதில் இதுதான்.

நாங்கள் பெண் பார்க்கப் போனது ஒரு காலை நேரம். பீரோவில் இருந்து கேமராவை எடுத்துத் துடைத்து, பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பெண்ணின் அப்பா வாசலிலேயே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை நேரிலேயே பிடித்துக்கொள்கிறேன், திசையெல்லாம் எனக்கு வேண்டாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாக்காரர் தன் கையாலேயே அண்ணனுக்கு நாற்காலி போட்டார்.

வெற்றிலை மாற்றி முடிந்ததும் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள் அம்மா. அவர்கள் வீட்டுத் தொழுவத்து முன்னால் நிறுத்தினோம். எட்டு மணி வெயிலே எங்கள் பக்கம் சுள்ளென்று அடிக்கும். மதினி வந்து எங்கே நிற்பது என்று கேட்டார். நான் யோசித்தேன். வெயில் கிழக்கே இருக்கிறது; ஒருத்தர் நிழல் இன்னொருத்தர் மேல் விழாமல், முன்னே பின்னே தள்ளி நிறுத்த வேண்டும். அதற்குள் யாரிடமும் அதிகம் பேசாத என் அண்ணன் பேசிவிட்டான்.

"நீங்க மேக்க நில்லுங்க. வெயில் மூஞ்சில அடிக்கும். கிழக்க நான் நின்னுக்கிடுதேன்."

மதினி மேற்கே போய் நின்றார். பெட்டிக்குள் இரண்டு முகத்துக்கும் மஞ்சள் கட்டம் விழுந்தது. அண்ணன் நிழல் அவர் முகத்தையும் புடவையையும் முழுசாக மூடியிருந்தது. நகர்ந்து நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படியே எடுத்தேன்.